தென்னாப்பிரிக்காவில் வக்கீல் ஆவது எப்படி: விசா முதல் டிரஸ்ட் கணக்கு வரை

தென்னாப்பிரிக்காவில் சட்டம் படித்து வக்கீலாக நினைப்பவர், கல்லூரி விண்ணப்பத்தைத் தேடுவதற்கு முன்னால் தன் பாஸ்போர்ட்டையும் விசாவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் மட்டுமே வழக்கறிஞராகச் சேர முடியும். வழக்கறிஞர் தொழிலை ஆளும் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. படிப்பு விசாவில் போய் எல்.எல்.பி. முடிக்கலாம், பயிற்சி முடிக்கலாம், தேர்விலும் தேறலாம். ஆனால் கடைசிப் படியில் ஹைகோர்ட் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். பக்கத்து நாடான லெசோத்தோவிலிருந்து வந்து, தென்னாப்பிரிக்காவிலேயே படித்துப் பயிற்சியும் முடித்தவர்கள் இந்தப் பிரிவை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஜிம்பாப்வேக்காரர்களும் போட்டார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான் தருகிறது, எனவே இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று 2022 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த மண்ணிலேயே படித்தவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பதுதான் என் எண்ணம். ஆனால் இன்றைய சட்டம் இதுதான். புதிதாக வருகிறவர்களிடம் இதை முதலில் சொல்லாமல் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

பொதுவாக, வேலை விசாவில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இருந்தவர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்குள்ள குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையோ மணந்து ஐந்து ஆண்டுகள் ஆனவருக்கும் வழி உண்டு. அதுவரை என்ன செய்வது? ஒரு கம்பெனியின் உள்ளேயே சட்ட ஆலோசகராக இருப்பதற்கு வழக்கறிஞராகச் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் காலத்தை அப்படிப் பயன்படுத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தேடும்போது கிடைக்கும் பழைய தகவல்களில் மாகாணவாரியாக இருந்த "லா சொசைட்டி"களின் பெயர்கள் வரும். 2014-இல் இயற்றிய லீகல் பிராக்டிஸ் சட்டம் 2018 நவம்பர் 1-ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அவற்றின் இடத்தில் நாடு முழுவதற்குமாக லீகல் பிராக்டிஸ் கவுன்சில் வந்துவிட்டது. எல்லோரும் எல்.பி.சி. என்றே சொல்வார்கள். அதன் மாகாண அலுவலகம்தான் இனி உங்களுக்கு எல்லாம்.

அட்டர்னியா, அட்வகேட்டா?

இந்தியாவில் கறுப்புக் கவுன் போட்ட எல்லோரும் அட்வகேட்தான். தென்னாப்பிரிக்காவில் தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரர் நேராக வந்து உட்காருவது அட்டர்னியின் மேசைக்கு முன்னால். கடிதம் எழுதுவது, பணம் வாங்கி வைப்பது, வழக்கைத் தயார் செய்வது எல்லாம் அட்டர்னி வேலை. அட்வகேட் பெரிய கோர்ட்டுகளில் வாதாடுவதையும் சட்டக் கருத்து எழுதித் தருவதையும் தொழிலாகக் கொண்டவர். வழக்கமாக அட்டர்னி மூலமாகத்தான் அவருக்கு வேலை போகும். அட்வகேட்டுகள் கூட்டாகச் சேர்ந்து நிறுவனம் நடத்த முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் தொழில் நடத்த வேண்டும்.

இந்தச் சுவர் முன்பு போல உயரமாக இல்லை. எல்.எல்.பி. பட்டம் உள்ள அட்டர்னி, ஹைகோர்ட் பதிவாளரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அங்கேயும் வாதாடலாம். அதே போல, அட்வகேட்டும் ஃபிடெலிட்டி ஃபண்ட் (வக்கீல் கையாடினால் கட்சிக்காரருக்கு ஈடு தரும் நிதி) சான்றிதழ் எடுத்துக்கொண்டால் மக்களிடமிருந்து நேரடியாக வழக்கு வாங்கலாம்.

எனக்குத் தெரிந்த வரையில், குடும்பத்தில் யாரும் வக்கீல் இல்லாத, கையிருப்பு குறைவான ஒருவருக்கு அட்டர்னி வழிதான் பொருந்தும். பயிற்சிக் காலத்தில் சிறிதாவது சம்பளம் வரும். அட்வகேட் ஆக ஓராண்டு "பியூப்பிலேஜ்" பயிற்சி. அந்த ஆண்டில் வருமானத்தை நம்ப முடியாது. முடித்த பிறகும் அட்டர்னிகள் உங்களைத் தெரிந்துகொண்டு வழக்கு அனுப்பும் வரை காத்திருக்க வேண்டும். வீட்டு வாடகைக்கு யாராவது கைகொடுத்தால் மட்டும் அதை யோசியுங்கள். இதற்கு மேல் நான் எழுதுவது பெரும்பாலும் அட்டர்னி வழியைப் பற்றித்தான்.

பட்டம்

நான்கு ஆண்டு எல்.எல்.பி. வேறொரு பட்டம் முடித்துவிட்டு எல்.எல்.பி.யில் சேர்ந்தால் இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டுகளாவது ஆகும். கேப் டவுன், விட்ஸ், ஸ்டெலன்போஷ், குவாசுலு-நாட்டால் என்று நல்ல சட்டத் துறைகள் பல இருக்கின்றன. வேலையிலிருந்துகொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு யுனிசா தொலைதூரக் கல்வி தருகிறது. யுனிசா பட்டமும் முழுமையான எல்.எல்.பி. பட்டம்தான். ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அங்கே ஆண்டுகள் நீண்டுகொண்டே போகும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்து வந்தவர்கள் தம் பட்டத்தை சாக்வா என்னும் தகுதி ஆணையத்திடம் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். உள்ளூர் எல்.எல்.பி.க்கு இணையானது என்று அங்கீகாரம் கிடைத்தால் அந்தப் பட்டம் கணக்கில் வரும். அங்கீகாரம் கிடைத்தாலும் தென்னாப்பிரிக்கச் சட்டப் பாடங்கள் சிலவற்றைப் படித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியிலும் தேர்விலும் திணறுவீர்கள். அங்கே அடிப்படைச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டம். அதன் மேல் ஆங்கிலேயர் கொண்டுவந்த நடைமுறைகளும், ஆப்பிரிக்க மக்களின் வழக்காற்றுச் சட்டமும், எல்லாவற்றுக்கும் மேலாக 1996-ஆம் ஆண்டின் அரசியல் சாசனமும் இருக்கின்றன. இந்தியாவில் படித்தவருக்கு ஒப்பந்தம், சொத்து, தீங்கியல் எல்லாமே வேறு முகத்துடன் தெரியும். இலங்கையில் படித்தவருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி. அங்கும் பொதுச் சட்டம் ரோமன்-டச்சுதான் என்பதால் குரோஷியஸ், வூட் போன்ற பழைய டச்சுச் சட்ட அறிஞர்களின் பெயர்கள் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 முதல் ஹைகோர்ட்டின் பதிவு மொழி ஆங்கிலம் மட்டும்தான். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரரிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேச முடியாது. டர்பன் பக்கம் தொழில் செய்ய நினைப்பவர் படிக்கும் காலத்திலேயே ஜூலு கற்றுக்கொள்வது நல்லது. பின்னால் நேரம் கிடைக்காது.

ஆர்ட்டிகிள்ஸ்

சட்டம் இதை நடைமுறைத் தொழிற்பயிற்சி என்கிறது. வக்கீல்கள் வாயில் இன்னும் "ஆர்ட்டிகிள்ஸ்"தான். பயிற்சியில் இருப்பவர் கேண்டிடேட் அட்டர்னி. இரண்டு வழி உண்டு. ஓர் அட்டர்னியிடம் 24 மாதங்கள் பயிற்சி ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே பாட வகுப்பை முடிக்கலாம். அல்லது ஆறு மாதம் வரை நடக்கும் முழுநேரப் பயிற்சிப் பள்ளியை முதலில் முடித்துவிட்டு 12 மாதம் ஒப்பந்தத்தில் இருக்கலாம். இரண்டாவது வழியில் மொத்தக் காலம் குறையும். ஆனால் பள்ளிக் காலத்தில் சம்பளம் இல்லை, கட்டணமும் கட்ட வேண்டும்.

இடம் பிடிப்பதுதான் இந்தப் பயணத்திலேயே கடினமான கட்டம். நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆர்ட்டிகிள்ஸ் கிடைக்காமல் அலைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஜொகன்னஸ்பர்க் சாண்ட்டனிலும் கேப் டவுனிலும் இருக்கும் பெரிய நிறுவனங்கள் படிப்பு முடியும் வரை காத்திருப்பதில்லை. மாணவர்களை விடுமுறைக் காலப் பணிக்கு அழைத்து, அங்கேயே பார்த்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பம் போட வேண்டும். பெரிய நிறுவனம் மட்டும்தான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா என்னும் அரசு இலவச சட்ட உதவி அமைப்பும், பல்கலைக்கழகங்களின் சட்ட உதவி மையங்களும் கேண்டிடேட் அட்டர்னிகளை எடுக்கின்றன. லீகல் எய்டில் கோர்ட் அனுபவம் வேகமாகக் கிடைக்கும். சிறு நகரங்களில் இரண்டு மூன்று பேர் நடத்தும் அலுவலகங்களும் உண்டு. அங்கே சம்பளம் குறைவு, கற்பது அதிகம். பல விளம்பரங்களில் ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். கோர்ட்டுக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் ஓடுவது உங்கள் வேலைதான் என்பதால், படிக்கும்போதே அதை எடுத்து வையுங்கள். ஷெரிஃப் என்பவர் நம் ஊர் அமீனா மாதிரி, சம்மன் சார்வு செய்பவர், ஜப்தி செய்பவர்.

இடம் கிடைக்காத வேதனையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது நவநீதம் பிள்ளையின் கதை. டர்பனில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் நிறுவனங்கள் அவருக்கு வேலை தரவில்லை. 1967-இல் தானே அலுவலகம் திறந்தார். நாட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் தொழில் தொடங்கிய, வெள்ளையர் அல்லாத முதல் பெண் அவர்தான். 1995-இல் ஹைகோர்ட் நீதிபதியாக அமர்ந்தார். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை எல்.பி.சி.யில் பதிவு செய்ய வேண்டும். இதில் அலட்சியமே கூடாது. பதிவு செய்ய வேண்டியவர் உங்கள் பிரின்சிபல், அதாவது பயிற்சி தரும் அட்டர்னி. ஆனால் பதிவு தாமதமானால் நாட்கள் வீணாவது உங்களுக்குத்தான். கூச்சப்படாமல் கேளுங்கள். பதிவு எண் வந்த கடிதத்தின் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். பயிற்சிக் காலத்தில் பகுதிநேர வேலை எதையாவது பார்ப்பதாக இருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும்.

இனி ஒரு கேண்டிடேட் அட்டர்னியின் காலை நேரம். கோர்ட் கூடுவதற்கு முன்பே மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நின்றாக வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் வழக்கு எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த அறைக்கு மாற்றியிருப்பார்கள். எழுத்தரிடம் போய்க் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலைக் கண்டுபிடித்து, வாய்தா வாங்குவதாக இருந்தால் தேதியைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். மூன்று தேதிகளைப் பிரின்சிபலின் டைரியில் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். உங்கள் முறை வந்ததும் எழுந்து, உங்கள் பெயர், யாருக்காக ஆஜராகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்று மூன்றே வாக்கியம். மாஜிஸ்திரேட் ஒரு கேள்வி கேட்பார். கோப்பைப் படிக்காமல் வந்திருந்தால் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். கேண்டிடேட் அட்டர்னியாக இருக்கும்போதே மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராக உரிமை உண்டு. ஓராண்டு முடிந்தால் ரீஜனல் கோர்ட்டிலும் ஆஜராகலாம். ஹைகோர்ட்டில் முடியாது. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். ஜெராக்ஸ் எடுக்கவும் காபி வாங்கவும் மட்டுமே அனுப்பும் அலுவலகத்தில் இருந்தால், அதை மரியாதையாகவே, ஆனால் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

நான்கு தாள்கள்

எல்.பி.சி. நடத்தும் தகுதித் தேர்வில் நான்கு தாள்கள். முதலாவது கோர்ட் நடைமுறை. இரண்டாவது உயிலும் வாரிசுச் சொத்து நிர்வாகமும். மூன்றாவது அட்டர்னி தொழில், ஒப்பந்தங்கள், நடத்தை விதிகள் மூன்றும் சேர்ந்தது. நான்காவது கணக்குப் பதிவு. ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வேண்டும்.

முதல் மூன்றும் தினசரி வேலையோடு சேர்ந்து வரும். கணக்குத் தாளில்தான் பலர் விழுகிறார்கள். சட்டம் படிக்க வந்தவனுக்கு வரவு செலவுப் பேரேடு எதற்கு என்ற அலுப்பு எல்லோருக்கும் வரும். அந்தத் தாளுக்கு மனப்பாடம் உதவாது. பழைய வினாத்தாள்களை எடுத்து, பேரேட்டைக் கையால் எழுதிப் பழக வேண்டும். அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவரோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது எந்த வகுப்பையும் விட மேல்.

ஹைகோர்ட்டில் சேர்க்கை

பயிற்சியும் தேர்வும் முடிந்ததும் ஹைகோர்ட்டுக்கு மனுப் போட வேண்டும். மனுவின் உயிர் உங்கள் பிரமாண வாக்குமூலம். குடியுரிமை அல்லது வசிப்புரிமை, பட்டம், பயிற்சிக் காலம், தேர்வு முடிவு எல்லாம் அதில் ஆவணத்தோடு வர வேண்டும். அதைவிட முக்கியமானது, நீங்கள் இத்தொழிலுக்கு "தகுந்த, நேர்மையான நபர்" என்று காட்டுவது. மனுவின் பிரதி எல்.பி.சி.க்குப் போகும். அவர்கள் கேள்வி எழுப்பலாம், எதிர்க்கவும் செய்யலாம்.

இந்த இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பத்தொன்பது வயதில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டிய வழக்கு, பல்கலைக்கழகத்தில் காப்பி அடித்ததாக வந்த ஒழுங்கு நடவடிக்கை, திவால் ஆணை என்று எது இருந்தாலும் எழுதிவிடுங்கள். பழைய தவறை விளக்க முடியும், நீதிபதிகள் மன்னிக்கவும் செய்வார்கள். மறைத்தது வெளியே வந்தால், அந்தத் தவறை விட்டுவிட்டு மறைத்ததைத்தான் பிடிப்பார்கள். நெல்சன் மண்டேலா போராட்டத்தில் தண்டனை பெற்றதைக் காட்டி அட்டர்னிகள் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கும்படி டிரான்ஸ்வால் லா சொசைட்டி 1954-இல் கோர்ட்டுக்குப் போனது. அரசியல் நம்பிக்கைக்காகச் சட்டத்தை மீறியது நேர்மைக் குறைவு ஆகாது என்று கோர்ட் மறுத்துவிட்டது. அந்தக் காலத்து நீதிபதிகளே தண்டனையையும் நாணயத்தையும் பிரித்துப் பார்த்தார்கள்.

காந்திக்கும் இதே படியில் தடை வந்தது. 1894-இல் அவர் நாட்டால் சுப்ரீம் கோர்ட்டில் சேர மனுச் செய்தபோது லா சொசைட்டி எதிர்த்தது. கோர்ட் சேர்த்துக்கொண்டது, தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது. சேர்ந்த சில மாதங்களில் அவரைத் தேடி வந்தவர் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்துப் பல் உடைந்த நிலையில்.

சேர்க்கை நாளில் உறுதிமொழி எடுத்ததும் உங்கள் பெயர் எல்.பி.சி. பட்டியலில் ஏறும். அம்மா அப்பாவை அழைத்துப் போங்கள். அன்று கோர்ட் அறையில் பாதி இருக்கைகள் குடும்பங்களால் நிறைந்திருக்கும்.

சொந்த அலுவலகம்

இன்னொருவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் வரை உங்களுக்குப் பொறுப்பு குறைவு. தனியாகத் தொடங்குவதாக இருந்தால் தொழில் நிர்வாகப் பயிற்சி முடிக்க வேண்டும், வங்கியில் கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்குத் தொடங்க வேண்டும், ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் அட்டர்னியாகச் சொந்தத் தொழில் நடத்துவது குற்றம். கருப்புப் பணத் தடுப்புக்கான நிதிப் புலனாய்வு மையத்திலும் பதிவு செய்ய வேண்டும். கட்சிக்காரரின் அடையாளத்தைச் சரிபார்த்துக் கோப்பில் வைப்பது சட்டக் கடமை.

டிரஸ்ட் கணக்கை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வக்கீல்கள் தொழிலை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் வந்து 15,000 ரேண்ட் முன்பணம் தருகிறார் என்று வையுங்கள். அது அவர் பணம். டிரஸ்ட் கணக்கில் போட்டு, அவர் பெயரில் தனிப் பேரேடு திறக்க வேண்டும். ஷெரிஃபுக்கு 600 ரேண்ட் கொடுத்தால் அந்தப் பேரேட்டில் கழியும். நீங்கள் 4,000 ரேண்டுக்கு வேலை செய்துவிட்டீர்கள். பில் போட்டுக் கட்சிக்காரர் பெயரில் பதிந்த பிறகுதான் அந்த 4,000 உங்கள் தொழில் கணக்குக்கு மாறும். மீதி 10,400 அவருடையது. மாதக் கடைசியில் அலுவலக வாடகை நெருக்கும். டிரஸ்ட் கணக்கில் பல பேருடைய பணம் சேர்ந்து பெரிய தொகையாகத் தெரியும். "வெள்ளிக்கிழமை திருப்பிப் போட்டுவிடலாம்" என்று எடுத்தால், திருப்பிப் போட்டாலும் அது கையாடல்தான். ஒரு கட்சிக்காரரின் செலவை இன்னொருவர் பணத்தில் செய்வதும் அப்படியே. ஆண்டுதோறும் ஆடிட்டர் இந்தக் கணக்கைத் தணிக்கை செய்து அறிக்கை தருவார். தவறு இருந்தால் எல்.பி.சி. ஹைகோர்ட்டுக்குப் போய் உங்கள் பெயரை நீக்கக் கேட்கும். பொதுவான டிரஸ்ட் கணக்கில் வரும் வட்டிகூட உங்களுடையதல்ல, ஃபிடெலிட்டி ஃபண்டுக்குப் போகும். வக்கீல் கையாடியதால் பணம் இழந்தவர்களுக்கு அந்த நிதிதான் ஈடு கொடுக்கிறது.

கட்டணத்தில் ஒரு விதி. சாலை விபத்து நஷ்ட ஈடு போன்றவற்றில் "ஜெயித்தால் மட்டும் கட்டணம்" என்று ஒப்பந்தம் போடலாம். 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வெற்றிக் கட்டணம் வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. பண வழக்கில் கிடைத்த தொகையில் 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. எது குறைவோ அதுதான். மருத்துவமனை வாசலில் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும், கொண்டுவருபவருக்குக் கமிஷன் கொடுப்பதும் அங்கே தடை. புதியவர்களை இதற்கு இழுக்க ஆட்கள் தேடி வருவார்கள். அவர்களிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிலையான வருமானம் வேண்டுபவர்கள் கன்வேயன்சர் தேர்வை எழுதுங்கள். நம் ஊரில் பத்திர எழுத்தர் செய்வதை அங்கே அட்டர்னிகளில் இந்தத் தனித்தேர்வில் தேறியவர் மட்டுமே செய்ய முடியும். வீடு கைமாறும் ஒவ்வொரு முறையும் பத்திரம் அவர் கையால்தான் பதிவகத்துக்குப் போகும். நோட்டரிக்கும் தனித்தேர்வு உண்டு. சேர்க்கை முடிந்த சூட்டோடு, படிக்கும் பழக்கம் விட்டுப்போகும் முன் எழுதிவிடுவது நல்லது.

ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் டிசம்பர் 31-உடன் காலாவதியாகும். புதுப்பிக்கத் தணிக்கை அறிக்கை சரியாக இருக்க வேண்டும், கவுன்சில் சந்தா பாக்கி இருக்கக் கூடாது. டிசம்பர் நடுவில் அலுவலகங்கள் விடுமுறைக்கு மூடிவிடும். அதனால் அக்டோபரிலேயே ஆடிட்டரைப் பிடித்து வேலையைத் தொடங்குங்கள்.